பச்சைச் சளிக்கு எங்கே போவது: அடுப்படியா, மெடிக்கலா, ஜிப்மரா?

ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து மார்கழிப் பனி விலகும் வரை, கடலூர் புதுச்சேரி பக்கம் மூக்கு ஒழுகாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். சளி பிடித்தவர்கள் செய்வது மூன்றில் ஒன்று. ஆவி, மிளகு ரசம், சுக்குக் காபி என்று வீட்டிலேயே ஓட்டுவார்கள். இல்லையென்றால் தெருமுனை மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்குவார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் டாக்டர். இந்த மூன்றில் எது என்பதைப் பலரும் கைக்குட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தண்ணீராக வந்தால் விட்டுவிடலாம், மஞ்சளானால் மாத்திரை, பச்சையானால் ஆன்டிபயாடிக்.

இந்தக் கணக்கு தப்பு. எங்கே போவது என்று முடிவு செய்ய, நிறத்தைவிட மூன்று கேள்விகள்தான் அதிகம் உதவும். சளி பிடித்து எத்தனை நாளாகிறது? இரண்டு பக்கமும் வருகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? குறைந்துகொண்டு வந்தது திரும்ப ஏறியதா?

நிறம் ஏன் மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பதற்றம் போய்விடும். நோய் நொடி இல்லாத ஆளுக்கே மூக்கும் அதைச் சுற்றியுள்ள காற்றறைகளும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சளியைச் சுரக்கின்றன. நமக்குத் தெரியாமலே அது தொண்டை வழியாக வயிற்றுக்குள் போய்விடுகிறது. (பிள்ளை சளியை விழுங்கிவிட்டான் என்று பதறும் ஆயாக்கள் நிம்மதியாக இருக்கலாம்.) பெரும்பகுதி தண்ணீர்தான். மீதி மியூசின் என்ற வழவழப்பான புரதமும், உப்பும், கிருமியைத் தாக்கும் நொதிகளும். தூசியும் கிருமியும் இதில் ஒட்டிக்கொள்ளும். மூக்கின் உள்சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வைரஸ் நுழைந்ததும் முதல் ஒன்றிரண்டு நாள் தண்ணீராகக் கொட்டும். அப்புறம் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேரும். அவற்றுக்குள் இரும்புச் சத்து கொண்ட ஒரு நொதி இருக்கிறது, மைலோபெராக்சிடேஸ் என்று பெயர். அதன் நிறமே பச்சை. வெள்ளணுக்கள் கூடக்கூட சளி கெட்டியாகி, வெளிர்மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். ஆக, அந்தப் பச்சை நம் உடம்பு கொடுக்கிற நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் நாலாம் ஐந்தாம் நாள் இப்படித்தான் வரும். ராத்திரி முழுக்க உள்ளேயே தேங்கிக் கிடப்பதால், காலையில் சிந்தும்போது வருவது எப்போதும் கூடுதல் பச்சையாக இருக்கும். பகலில் அதுவே வெளுத்துவிடும். பெரியவர்களில் நூறு பேருக்குச் சளி பிடித்தால், அது பாக்டீரியா சைனஸாக (காற்றறைகளில் பாக்டீரியா தொற்றுவது) மாறுவது மிஞ்சிப்போனால் இரண்டு பேருக்கு. குழந்தைகளில் இது சற்றுக் கூடுதல்.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வீட்டு வைத்தியம்

பத்து நாளுக்குள் இருக்கிற, இரண்டு மூக்கிலும் வருகிற, நாளுக்கு நாள் கொஞ்சமாவது குறைகிற சளிக்கு என் ஓட்டு வீட்டுக்குத்தான். நிறம் என்னவாக இருந்தாலும் சரி. சாதாரணச் சளி வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது. ஏழிலிருந்து பத்து நாளில் அதுவே அடங்கும், இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம்.

வீட்டு வைத்தியத்தில் நம் ஊரில் முதலிடம் ஆவிக்கு. நொச்சி இலை, ஒரு பிடி கல்லுப்பு, மஞ்சள்தூள், சில வீடுகளில் யூகலிப்டஸ் தைலம். சூடான ஈரக்காற்று அடைப்பை அரைமணி நேரம் தளர்த்தும். அந்த சுகம் உண்மை, ஆனால் சளி நாட்களைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. பெரியவர்கள் மேசையில் பாத்திரத்தை வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளையைப் போர்வைக்குள் உட்காரவைத்து, மடியருகே கொதிக்கிற பாத்திரத்தை வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சளி தானாகப் போய்விடும். வெந்நீர் கொட்டின தொடைத் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும்.

ஆவியைவிட நான் மேலே வைப்பது உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதை. யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு ஜலநேத்தி என்று தெரியும். புதுச்சேரிக்கடைகளில் அதற்கான மூக்குவைத்த கிண்டி சுலபமாகக் கிடைக்கும், மருந்துக்கடையில் பிளாஸ்டிக் பாட்டிலும் உண்டு. அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வாஷ்பேசின் முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல்பக்க மூக்கில் ஊற்றினால் கீழ்ப்பக்க மூக்கு வழியாக இறங்கும். கண்டிப்பாக வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், பச்சைத்தண்ணீராக இருந்தால் நெற்றி விண்ணென்று தெறிக்கும். உப்பு குறைந்தாலும் எரியும். கெட்டியான பச்சைச் சளி கயிறுகயிறாக வெளியே வருவதைப் பார்த்தவர்கள் திரும்பச் செய்யாமல் இருக்க மாட்டார்கள்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் சமரசம் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் மட்டுமே. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் ஊற்றக்கூடாது. குடிக்க நல்லதாக இருப்பது மூக்குக்கும் நல்லது என்று அர்த்தமில்லை. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறிவிடும். 2024இல் கேரளத்தில் சிறுவர் சிறுமியர் இப்படி இறந்தார்கள். அவர்களுக்குத் தொற்றியது குளம், ஆறு மாதிரி இடங்களில் குளித்ததால். இது அபூர்வமான நோய், ஆனாலும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சோம்பல்படுவதற்குக் காரணமாகாது.

மிளகு ரசம், கற்பூரவல்லிக் கசாயம், சுக்குக் காபி எல்லாம் தொண்டைக்கு இதம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் தரலாம், அதற்குக் கீழே கூடாது. மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தை மெதுவாகச் சிந்த வேண்டும். இரண்டையும் பிடித்துக்கொண்டு முக்கினால் சளி காதுப் பக்கம் ஏறும்.

மெடிக்கல் கவுன்டர்

"அண்ணே, பச்சையா வருது, ஆன்டிபயாடிக் சேர்த்துக் குடுங்க." மஞ்சக்குப்பத்திலும் கேட்கலாம், முத்தியால்பேட்டையிலும் கேட்கலாம். கடைக்காரர் பட்டையிலிருந்து கத்தரித்து, பழுப்புக் காகித உறையில் மூன்று வேளைக்குப் போட்டுத் தருவார். உறையைப் பிரித்தால் பெரும்பாலும் நாலு ஐட்டம்: ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், அது வயிற்றை எரிக்காமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை. கத்தரித்த துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். நாளைக்கு டாக்டரிடம் போனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார், பதில் "ஒரு மஞ்ச மாத்திரை, ஒரு வெள்ளை மாத்திரை" என்றிருக்கும்.

காய்ச்சல் மாத்திரை, அதாவது பாராசிட்டமால், சரி. உடம்புவலிக்கும் காய்ச்சலுக்கும் அது போதும். ஆனால் பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு தனியாகவும் ஒன்றைப் போட்டால் அளவு இரட்டிப்பாகும், பாடுபடுவது ஈரல். சளி மாத்திரையில் அடைப்பை நீக்குவதற்கென்று சேர்க்கிற ஃபினைல்எஃப்ரின், வாய்வழியாகச் சாப்பிட்டால் வேலை செய்வதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நம் கடைகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரஷர் உள்ளவர்கள் இந்த வகைக் கலவை மாத்திரைகளைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஈசிஆரில் பைக் ஓட்டுவது தனி ஆபத்து.

இனி ஆன்டிபயாடிக். வைரஸ் மேல் அதற்கு வேலையே இல்லை. மூன்று நாள் அசித்ரோமைசின் சாப்பிட்டு ஆறாம் நாள் சரியானவர் மாத்திரையால் சரியானது என்று நம்புவார். சாப்பிடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆறாம் நாள் சரியாகியிருக்கும். உண்மையிலேயே பாக்டீரியா சைனஸ் என்றாலும் டாக்டர்கள் முதலில் எடுப்பது பொதுவாக அமாக்சிசிலின் வகையை. கவுன்டரில் கை நீளும் அசித்ரோமைசினுக்குக் கிருமிகள் நிறையவே பழகிவிட்டன. வயிற்றுப்போக்கு, தடிப்பு வரும் என்பது ஒரு பக்கம். நாளைக்கு நிமோனியாவுக்குத் தேவைப்படும்போது அதே மருந்து கேட்காமல் போவது இன்னொரு பக்கம். பட்டையின் பின்பக்கத்தில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று அர்த்தம். மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலிருந்து இதைப் பிரசாரம் செய்துவருகிறது. கத்தரித்துத் தருகிறபோது அந்தக் கோடே தெரிவதில்லை.

மூக்கில் விடும் சொட்டு மருந்து வேறு கதை. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டு ஐந்து நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும். ராத்திரி தூங்க முடியாத ஆளுக்கு இது வரம்தான், நானும் குறை சொல்ல மாட்டேன். ஐந்து நாளோடு நிறுத்தினால் நல்லது. அதைத் தாண்டினால் மருந்து இறங்கியதும் மூக்கின் உள்சவ்வு முன்பைவிட வீங்கும், அதற்குத் திரும்பச் சொட்டு, திரும்ப வீக்கம். சட்டைப்பையில் அந்தக் குட்டி பாட்டில் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்காதவர்கள் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒருவர் இருக்கிறார். அவர்களுக்கு ஆரம்பத்தில் வந்த சளி என்றைக்கோ போய்விட்டது, இப்போது இருப்பது பாட்டில் உண்டாக்கிய அடைப்பு. குழந்தைகளுக்கு இந்தச் சொட்டு டாக்டர் சொல்லாமல் வேண்டாம். வெறும் உப்புநீர்ச் சொட்டு எந்த வயதுக்கும் தரலாம்.

குழந்தைகளுக்கான சளி சிரப்பையும் கவுன்டரில் கேட்டு வாங்க வேண்டாம். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அலர்ஜி என்றால் கணக்கே வேறு

தண்ணீராகவே கொட்டுகிறது, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கும் கண்ணும் அரிக்கிறது, காய்ச்சல் இல்லை, வாரக்கணக்கில் போகிறது என்றால் அது பெரும்பாலும் அலர்ஜி. இதற்கு வீட்டில் காத்திருப்பது வீண். நம் கடலோர ஈரத்தில் தலையணையும் இலவம்பஞ்சு மெத்தையும் தூசிப் பூச்சிக்குத் தோதான இடம். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் சம்பா அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசி. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை, சிப்காட் பக்கம் ரசாயன நெடி இரண்டும் அலர்ஜி இல்லாதவர் மூக்கையும் எரிச்சல்படுத்தி ஒழுகவைக்கும்.

இங்கே செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை நன்றாகக் கேட்கும். வைரஸ் சளிக்குத் தந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காத அதே மாத்திரைதான். அடிக்கடி வருபவர்களுக்கு அதைவிடச் சிறந்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "இது சரியில்லை" என்று ஓரமாக வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் ஓரச் சுவரில் படும், ரத்தக்கசிவும் குறையும். இதை டாக்டர் ஒருமுறை காட்டிக்கொடுத்து ஆரம்பிப்பதே நல்லது.

டாக்டரிடம் போக வேண்டியவை

பத்து நாளாகியும் கொஞ்சம்கூட குறையவில்லை. அல்லது ஆறாம் நாள் நன்றாகி வேலைக்குப் போய், எட்டாம் நாள் காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்பப் படுத்தாயிற்று. அல்லது ஆரம்பத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கன்னத்தில் வலி, சீழ் மாதிரி சளி மூன்று நாலு நாள் விடாமல். பாக்டீரியா சைனஸாக இருக்கலாம் என்று டாக்டர்கள் நினைப்பது இந்த மூன்று நிலையில்தான். இதற்கு ஆரம்ப சுகாதார நிலையமோ பக்கத்து கிளினிக்கோ போதும், நேரே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. கடலூரிலிருந்து கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டி கோரிமேடு வரை பஸ்ஸில் போய், காலையிலேயே வரிசையில் நின்று சீட்டு வாங்கி, ஈஎன்டி பிரிவில் காத்திருந்தால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. சாதாரணச் சளியோடு அங்கே போய் நிற்பது நமக்கும் வீண், பின்னால் நிற்கிற புற்றுநோயாளிக்கும் வீண்.

பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியவை வேறு. முதலாவது, ஒரு பக்க மூக்கு. குழந்தைக்கு ஒரே பக்கத்தில் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று பொருள்: புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி, ரப்பர் துண்டு. வீட்டில் ஊக்கு, ஹேர்பின் வைத்து நோண்டக்கூடாது, அது இன்னும் உள்ளே போகும். பொம்மை அல்லது ரிமோட்டின் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே, அந்த மணியே போக வேண்டும். சில மணி நேரத்தில் அது உள்சதையை அரித்துவிடும்.

பெரியவருக்கு ஒரு பக்க அடைப்பும் அடிக்கடி ரத்தமும் வந்தால், ஏரி குளத்தில் குளிக்கும் பழக்கம் உண்டா என்று ஈஎன்டி டாக்டர் கேட்பார். ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் அதிகம். மூக்கினுள் செக்கச்செவேலென்று, மேலே வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு சதை வளரும். மாத்திரைக்கு மசியாது, அறுத்து எடுத்து அடிப்பகுதியைச் சுட வேண்டும். கண்மூக்குத் தெரியாமல் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்று மாதக்கணக்கைக் கழிப்பது இந்த மாதிரி நோய்களில்தான். ஒரு பக்க ரத்தச்சளி வயதானவருக்குக் கட்டியாகவும் இருக்கலாம், அதனால் தள்ளிப்போடக்கூடாது. இரண்டு பக்கமும் காய்ந்த பொருக்கைப் பிய்த்து இரண்டு சொட்டு ரத்தம் வருவதற்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

தலையில் அடிபட்டபின், குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் மாதிரி சொட்டி உப்புக்கரித்தால், அது சளியே இல்லை. மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசிகிறது. மிகத் தெளிவாக, எந்த நிறமும் இல்லாமல் வரும் இதுதான் இந்தக் கட்டுரையிலேயே ஆபத்தான ஒழுகல்.

கறுப்புச் சளி பெரும்பாலும் புகையும் தூசியும்தான். போகிக்கு மறுநாள் ஊரே கறுப்பாகத்தான் சிந்தும், நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தினசரி. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் கறுப்புச் சளியோடு கண்வலி, முகவீக்கம், கன்னத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால், 2021இல் கொரோனாவுக்குப் பின்னால் பார்த்த அதே கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். இங்கே ஜிப்மர் பக்கமோ கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கமோ உடனே வண்டியைத் திருப்ப வேண்டியதுதான், 108ஐக் கூப்பிட்டாலும் சரி.

கைக்குழந்தைக்கு நிறத்தைப் பார்க்கவே வேண்டாம், மூச்சை எண்ணினால் போதும். சட்டையைத் தூக்கிவிட்டு, தூங்கும்போது ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா உள்ளே ஒடுங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ நேராக ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் மட்டுமே போதுமான காரணம்.

டாக்டரிடம் போய் உட்கார்ந்தபின் "சைனஸுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாமா சார்?" என்று நாமாகவே கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சாதாரண வைரஸ் சளியிலேயே காற்றறைகள் அடைத்துத்தான் இருக்கும். படத்தில் வெள்ளையாகத் தெரியும், வைரஸா பாக்டீரியாவா என்பதைப் படம் பிரித்துக் காட்டாது. சிடி ஸ்கேன் தேவைப்படுவது மாதக்கணக்காக நீடிக்கும் சைனஸுக்கும், ஆபரேஷன் யோசிக்கும்போதும், கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும்தான். அந்தப் பணத்துக்குப் பதிலாக, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டைகளையும், எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டையும் கொண்டுபோனால் டாக்டருக்கு அதிகம் உதவும்.